ஓவனுக்குள் போகாத கத்தி

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருந்துச்சு. ஏதோ ஒண்ணை எடுத்து உள்ள வச்சேன்."

பேச்சு எங்கேயோ ஆரம்பித்து அங்கே வந்து நின்றிருந்தது. ரொட்டி ஒரு பக்கம் மட்டும் கருகுகிறதே என்று நான் ஓவனைக் குறை சொன்னேன். ரொட்டி சுடுகிற ஓவனில் இரும்பைச் சுட்டால் அதற்குக் கோபம் வராதா என்று அவர் கேட்டார். சிரித்தேன். போன மாதம் உன் கத்தி வேகிறதுக்கு நான்தானே காவல் என்றார். அதற்கும் சிரித்தேன். அதன்பிறகு வந்தது இது.

"ஏதோ ஒண்ணையா?" என்றேன்.

"அதான், மணி அடிச்சதும் உள்ள இருந்ததை எடுத்து உன் மேஜை மேல ஆற வச்சேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வழியில நிக்குற என் வண்டியை நகர்த்தச் சொல்லிக் கூப்பிட்டார். போய்ட்டு, பேசிட்டு வந்து பார்த்தா ரெண்டும் கருப்பா பக்கத்துல பக்கத்துல கிடந்துச்சு. தொட்டுப் பார்த்தேன், ரெண்டும் ஆறிப்போச்சு. சரின்னு ஒண்ணை எடுத்து வச்சேன்."

"எனக்கு ஒரு போன் பண்ண வேண்டியதுதானே?"

"நீ கடையில வேலையா இருப்ப. எதை வச்சா என்ன, ரெண்டும் உன் கத்திதானே?"

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் குளிர்ந்துபோகும், வாய் அப்புறம் திறக்கும். கை குளிர்ந்துவிட்டது. ஆனால் வாய் திறப்பதற்குள் கோபத்தை முந்திக்கொண்டு பயம் வந்தது. அந்த இரண்டு கத்திகளில் ஒன்று என்னிடம் இருந்தது. இன்னொன்று என் தம்பியிடம் இருந்தது.

கத்தி செய்கிற கிறுக்கு எனக்கு இந்த வருஷத் தொடக்கத்தில்தான் பிடித்தது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைக்கப் போனால், வீட்டுக் கத்தி தக்காளியை வெட்டாமல் நசுக்கும். தீட்டிப் பார்த்தேன், வேறு வாங்கிப் பார்த்தேன், எல்லாம் அந்த லட்சணம்தான். நாமே ஒன்று செய்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. வீட்டோடு கார் நிறுத்த ஓர் அறை உண்டு, கார்தான் இல்லை. என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறவன் வீட்டுக்கு வந்தும் அதையே பிடிக்கணுமா என்று ஸ்கூட்டரோடு நின்றுவிட்டவர். அந்த அறையில் ஒரு மேஜை, இரும்பை அசையாமல் இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ், ஒரு கை கிரைண்டர், சூளைக் கற்களை அடுக்கி வாயு அடுப்பைச் சொருகின ஒரு குட்டி உலை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முதல் கத்தியைக் கிரைண்டரில் காட்டிய வேகத்தில் நுனி சூடேறி நீலம் பாய்ந்து வீணாய்ப் போனது. அடுத்தது எண்ணெயிலிருந்து எடுக்கும்போதே வாழைப்பழமாக வளைந்திருந்தது. அதற்கப்புறம் ஒரே பட்டை எஃகிலிருந்து ஒரே அளவில் வெட்டிய இரண்டுதான் நேராக வந்தன. இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு இரட்டை.

இதில் ஒரு விஷயம் உண்டு. எஃகைச் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தால் அது கடினமாகிவிடும். ஆனால் கண்ணாடிக்கும் அதற்கும் அப்போது வித்தியாசம் கிடையாது. கீழே விழுந்தாலே உடையலாம். அதனால் உடனே ஓவனில், இருநூறு டிகிரியில், இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கடினம் கொஞ்சம் இறங்கும், தாங்குகிற சக்தி வரும். அதற்குப் பிறகுதான் அது கத்தி. அதற்கு முன்னால் அது கைப்பிடி போட்ட கண்ணாடித் துண்டு.

எங்கள் ஓவன் சின்னது. குறுக்காக வைத்தால் ஒரு கத்திதான் போகும். முதலாவது உள்ளே இருக்கும்போது கடையிலிருந்து போன், மாற்று ஆள் வரவில்லை, உடனே வாருங்கள் என்று. வீட்டுக்காரருக்கு அன்று விடுப்பு. "மணி அடிச்சா இதை எடுத்துட்டு அதை வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்து "ரெண்டும் வச்சீங்களா?" என்று கேட்டேன். "வச்சேன், வச்சேன்" என்றார். சுத்தமான எஃகாக இருந்தால் ஓவனில் இருந்தது வைக்கோல் மஞ்சளாக நிறம் மாறிக் காட்டிக்கொடுத்திருக்கும். உலையிலும் எண்ணெயிலும் அடைந்த கருக்கு இரண்டையும் மூடியிருந்ததால் நிறமும் தெரியவில்லை. நான் அந்தக் கருக்கை உரசி எடுத்து, உப்புத்தாள் போட்டு, இரண்டையும் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். மரக் கைப்பிடியும் போட்டாயிற்று. ஒன்றை என் சமையலறைக்கு எடுத்துக்கொண்டேன். மற்றதைத் தம்பிக்குக் கொடுத்தேன்.

தம்பி சமையல்காரன். பெரிய ஹோட்டல் ஒன்றில் வருஷக்கணக்காக வெந்து, போன மாதம்தான் தலைமைச் சமையல்காரன் ஆகியிருந்தான். நான் கத்தி செய்கிறேன் என்றதும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தவனும் அவன்தான். கொடுத்த அன்று கத்தியைக் கையில் வாங்கி, கட்டை விரல் நகத்தில் வைத்துப் பார்த்தான், ஒரு காகிதத்தைச் சீவிப் பார்த்தான். அப்புறம் சிரிக்கவில்லை.

"இப்ப என்ன ஆகும்?" என்றார் வீட்டுக்காரர். வெண்ணெய் தடவின ரொட்டி அவர் கையிலேயே இருந்தது.

"ரெண்டும் ஒவ்வொரு தடவை உள்ள போயிருந்தா ஒண்ணும் ஆகாது. நீங்க அதே கத்தியை மறுபடி வச்சிருந்தா, ஒண்ணு ரெண்டு தடவை போயிருக்கு, இன்னொண்ணு போகவே இல்ல. அந்த இன்னொண்ணு என்கிட்ட இருக்கா, அவன்கிட்ட இருக்கா?"

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

சொல்லும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது, தெரியவேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் தம்பி போன் பண்ணியிருந்தான். "அக்கா, என்னத்தைப் போட்டுச் செஞ்ச? ஒரு வாரமா தீட்டவே இல்ல. வந்த அன்னைக்கு இருந்த கூர் அப்படியே இருக்கு. இங்க இருக்கிற இறக்குமதிக் கத்தியெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது!" அந்தப் போனுக்கு அப்புறம் நான் தரையில் நடக்கவில்லை. கடையில் இருமல் மருந்து கேட்டவர்களிடம்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் என்னிடம் இருந்த கத்தியை நான் நடுவில் ஒரு தடவை தீட்ட வேண்டியிருந்தது. ஒரே எஃகு, ஒரே உலை, ஒரே எண்ணெய். அவனுடையது மட்டும் ஏன் மழுங்கவில்லை? கண்ணாடி எங்கே மழுங்கும்!

போனை எடுத்தேன். தம்பியுடையது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேலை நேரத்தில் சமையலறைக்குள் போன் கூடாதென்று புதிதாகச் சட்டம் போட்டதே என் தம்பிதான். ஹோட்டலின் பொது எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். இன்று மதியம் பெரிய விருந்து, மேடம், அவரைக் கூப்பிட முடியாது என்றாள்.

"ரொம்ப அவசரம்மா."

"வீட்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா, மேடம்?"

"இன்னும் ஆகல."

"சரிங்க, நேரம் கிடைச்சா சொல்லிடறேன்" என்று வைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்கே நான் சொன்னது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

"ஒருவேளை நம்மகிட்ட இருக்கிறதுதான் வேகாததோ என்னவோ. உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சிடுமே" என்றார் அவர்.

சரியான பேச்சு. என்னுடையது உடைந்தால் அவனுடையது பத்திரம். பட்டறைக்குப் போய் என் கத்தியின் நுனியை வைஸின் வாயில் வைத்து இறுக்கினேன். நான் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். அவர் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டி, அதன் முன்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றார். கைப்பிடியைத் தடித் துணியால் சுற்றிப் பிடித்தேன். என் கையால் நேராக வந்த முதல் கத்தி. வாதுமை மரப் பிடி, அதற்கு நான் எண்ணெய் தடவின அழகென்ன. உடைஞ்சு போ, உடைஞ்சு போ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு பக்கவாட்டில் இழுத்தேன்.

வளைந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வளைந்தது. விட்டேன். ஒரு நடுக்கம் நடுங்கி நேராக நின்றது.

இதைவிட நல்ல கத்தியை நான் இனி எப்போதும் செய்யப்போவதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு அழுகை முட்டியது. "என்ன, நல்லதுதானே?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

டிப்போவில் என் வீட்டுக்காரருக்கு 'ஆமை' என்று பெயர். அவர் முன்னால் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார், விபத்தே இல்லாத ஆமை என்பார். ஸ்கூட்டரிலும் அவர் ஆமைதான். மஞ்சள் விளக்கைக் கண்டதும் பிரேக்கைப் பிடித்தார்.

"போயிருக்கலாம்ல!"

"சிவப்பு விழுந்துடும்."

"விழட்டும்! அங்க அவன் மூஞ்சியில இரும்பு விழப்போகுது, இங்க உங்களுக்கு விளக்கு முக்கியமா?"

"கத்தாத. காய்கறி நறுக்கறதுக்கெல்லாம் உடையாதுன்னு நீதானே சொன்ன?"

நறுக்கினால் உடையாது. அதனால்தான் ஒரு வாரம் ஓடியிருக்கிறது. ஆனால் என் தம்பி இறைச்சியில் கை வைக்கிற விதம் எனக்குத் தெரியும். வெட்டுகத்தியால் ஓங்கிப் போடுவது அவனுக்குப் பிடிக்காது, அது மரம் வெட்டுகிறவன் வேலை என்பான். மூட்டுக்குள் கத்தி நுனியை விட்டு, ஒரு திருகு திருகி, எலும்பைச் சத்தமில்லாமல் பிரிப்பான். கிட்டப்பார்வை வேறு. சமையலறை ஆவியில் மூக்குக்கண்ணாடி போட முடியாது என்று கழற்றி வைத்துவிட்டு, முகத்தை இறைச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் திருகுவான். வேகாத கத்தி ஒரு திருகைக்கூடத் தாங்காது. உடைகிற துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? அவன் முகம் அங்கேதானே இருக்கும்.

"உங்களால வந்ததுதான் எல்லாம்" என்றேன் அவர் முதுகைப் பார்த்து. "ஒரு வேலை, ஒரே ஒரு வேலை சொன்னேன். இதை எடுத்து அதை வைங்கன்னு. பச்சைப் பிள்ளைகூடச் செய்யும்."

அவர் அடுத்த மஞ்சள் விளக்கில் நிற்காமல் போனார். அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது, தெரிந்தும் நான் வாயை மூடவில்லை.

ஹோட்டலின் பின்வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். ஊழியர்கள் மட்டும்தான் என்றார். நான் எகிறப்போகும் நேரத்தில் அவர் என் வீட்டுக்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அட, நம்ம பஸ் ஆமை சார்! என்ன சார், இன்னைக்கு இவ்வளவு வேகமா வந்து நிறுத்தறீங்க?"

"உள்ள மச்சானைப் பார்க்கணும். உயிர் போற விஷயம்."

"நீங்க அவசரம்னு சொன்னா அவசரமாத்தான் இருக்கும், போங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

சமையலறை நான் நினைத்ததைவிட நீளம். இரண்டு பக்கமும் அடுப்பு, நடுவில் எஃகு மேஜைகள், தலைக்கு மேல் புகை உறிஞ்சும் குழாயின் இரைச்சல். தட்டுகள் மோதுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் தம்பி நின்றிருந்தான். கழுத்து வரை பொத்தான் போட்ட தடித்த வெள்ளைக் கோட்டு. முன்னால் ஒரு முழு ஆட்டுத் தொடை. என் கத்தியின் நுனி ஏற்கெனவே மூட்டுக்குள் இருந்தது. முகத்தைக் குனிந்து வைத்துக்கொண்டு எலும்பின் இடுக்கைத் தேடிக்கொண்டிருந்தான்.

கத்திக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் அவன் சட்டென்று திரும்புவான், திரும்பினால் கை திருகும். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். ஈரத் தரை வழுக்கியது. யாரோ "வழி, வழி" என்று கொதிக்கிற பாத்திரத்தோடு குறுக்கே போனார்கள். பக்கத்தில் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன்.

"கையை அசைக்காத."

"அக்கா?" நிமிர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "டேய், எல்லாரும் இங்க பாருங்கடா! நான் சொன்னேன்ல, இந்தக் கத்தி செஞ்ச அக்கான்னு. இவங்கதான்!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு வணக்கம்கூட வைத்தார். எனக்கு அப்போதும், அந்தப் பயத்திலும், கொஞ்சம் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது. அவன் கையோடு சேர்த்துக் கத்தியை நேராக மேலே இழுத்தேன். நுனி முழுசாக வெளியே வந்தது.

"கீழ வை அதை."

"ஏன், என்னாச்சு?"

"அது சரியாப் பதமாகல. உடைஞ்சிடும்."

சிரித்தான். "இதுவா? ஒரு வாரமா இதைத்தான் பிடிச்சிருக்கேன். நேத்து பூசணிக்காயைப் பிளந்தேன்."

"சொல்றதைக் கேளு. வை."

"இந்தத் தொடையை முடிச்சிட்டுத் தர்றேன், போதுமா? அங்க முன்னூறு பேர் வந்து உட்காரப் போறாங்க."

"கீழ வைடா!"

இரைச்சலுக்கு மேல் என் குரல் போய்விட்டது. பக்கத்து மேஜைகளில் கை நின்றது. வீட்டில் நான் அவனை ஆயிரம் 'டா' போடுவேன், காதில் வாங்கமாட்டான். இது வீடில்லை. தலைமை ஏற்று ஒரு மாதம்கூட ஆகாத சமையலறையில், அவன் ஆட்கள் முன்னால், அவன் காதுமடல் சிவப்பதைப் பார்த்தேன். என் வாய்தான் எனக்குச் சனி என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"உனக்கு எப்பவுமே இதுதான் அக்கா" என்றான் மெதுவாக. "நல்லா ஒண்ணு செஞ்சிடுவ. அப்புறம் அது சரியா, இது சரியான்னு நீயே அதைக் கெடுப்ப. நீ செஞ்சது உடையாது. பார்க்கறியா?"

"வேண்டாம்!" என்று நானும், பின்னால் ஓடிவந்த என் வீட்டுக்காரரும் ஒன்றாகக் கத்தினோம்.

நுனியை வெட்டுப்பலகையில் குத்தி நிறுத்தி, உள்ளங்கையைப் பிடியின் மேல் வைத்து, பக்கவாட்டில் சாய்ந்தான். அவ்வளவு நம்பிக்கையாகச் சாய்ந்தான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. கண்ணாடி டம்ளரில் கொதிநீர் ஊற்றினால் விடுமே ஒரு சின்ன 'டிக்', அதுதான். அவன் கையில் பிடியும் பாதிக் கத்தியும் இருந்தன. நுனித் துண்டு பலகையில் துள்ளி விழுந்தது.

அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினேன். கண் இரண்டும் திறந்திருந்தன. இமை, கன்னம், மூக்கு, ஒன்றிலும் கீறல் இல்லை. கைகளைப் புரட்டிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. அவன் என்னைப் பார்க்கவில்லை, கையில் இருந்த பாதிக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு துண்டையும் எடுத்துப் பலகையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், வெல்வெட் துணி மாதிரி நயமாக இருந்தது. எண்ணெயில் நன்றாகத்தான் முக்கியிருக்கிறேன், அது ஓவனை மட்டும்தான் பார்க்கவில்லை. ஆனால் துண்டுகள் பொருந்தவில்லை. நடுவில், கூர் இருக்கும் பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

"ஒரு துண்டு காணோம்" என்றேன்.

அதைக் கேட்டதும் அவன் மறுபடி தலைமைச் சமையல்காரன் ஆனான். "யாரும் நகராதீங்க. இந்தப் பக்கம் திறந்திருக்கிற பாத்திரம் எதுவும் வெளிய போகக்கூடாது. இந்தத் தொடையைத் தூக்கிக் குப்பையில போடுங்க." ஆட்கள் குனிந்து தரையைத் தேடினார்கள். நான் மேஜையைத் தேடினேன், பலகையைத் தூக்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டே பேசினார்.

"மச்சான், தப்பு என்னோடது. அவ மேல கோபப்படாத. ஓவன்ல எதை வைக்கறதுன்னு தெரியாம ஏதோ ஒண்ணை எடுத்து வச்சிட்டேன்."

தம்பி அவர் பக்கம் திரும்பினான். "ஏதோ ஒண்ணா? ஏதோ ஒண்ணையா, மாமா? பஸ்லயும் அப்படித்தானா? பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு தெரியலைன்னா ஏதோ ஒண்ணை மிதிப்பீங்களா? உங்களை நம்பி ஐம்பது பேர் ஏறி உட்கார்றான்!"

என் வீட்டுக்காரர் மண்டியிட்டபடியே தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாயைக்கூட இடிக்காமல் வண்டி ஓட்டின மனிதர். காலையிலிருந்து இதைவிட மோசமாக நான் பேசியிருந்தேன். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து கேட்க என்னால் முடியவில்லை.

"அவரைத் திட்டாத" என்றேன். "அதுக்கு நான் இருக்கேன்."

"அப்ப உன்னைத் திட்டறதுக்கு யார் இருக்கா?"

பலகையில் கிடந்த துண்டுகளைக் காட்டினான்.

"இது சரியில்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னோட கத்தியை வைஸ்ல வச்சு வளைச்சுப் பார்த்தேன். அது உடையல."

"எப்ப?"

"இப்ப, வர்றதுக்கு முன்னாடி."

"இப்ப வளைச்சுப் பார்த்த. எனக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஏன் பார்க்கல?"

பதில் என்னிடம் இருந்தது. கத்தி செய்கிற எல்லோரும் கொடுப்பதற்கு முன் வளைத்துப் பார்ப்பார்கள், முதல் நாளே படித்த பாடம் அது. "வைஸ்ல கடிச்சா தடம் விழும். பளபளப்பு போயிடும்னு..."

"பளபளப்பா?"

என் தம்பி என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்று அத்தனை பேர் முன்னாலும் பேசினான். "கடைக்கு வர்ற எவனோ ஒருத்தனுக்கு மாத்திரை கொடுக்கும்போது ரெண்டு தடவை சீட்டைப் பார்க்கற. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கற. உன் தம்பிக்கு ஒரு தடவை பார்க்கத் தோணல உனக்கு. நான் இதை எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டுத் திரியறேன், என் அக்கா, என் அக்கான்னு..."

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குச் சேரவேண்டியதுதான். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் குனியவும் முடியவில்லை, அவன் கழுத்து வரைக்கும்தான் பார்வை இறங்கியது. அப்போதுதான் பார்த்தேன். கோட்டின் மேல் பொத்தானுக்குச் சற்று மேலே, தடித்த கழுத்துப் பட்டையில், ஏதோ மின்னியது. அவன் பேசப் பேச அது ஏறி இறங்கியது.

கையை நீட்டினேன். கன்னத்தைத் தடவி அவனைச் சமாதானப்படுத்தப் போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆடாம நில்லு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. விரல் நகத்தால் அதன் விளிம்பைப் பிடித்து நேராக இழுத்தேன். துணி விடமாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் வந்தது. தெரிந்தது மின்னுகிற ஒரு முனைதான், மீதி பட்டைக்குள் புதைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து அவனுக்குக் காட்டினேன்.

பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டான். துண்டைப் பார்த்தான், அப்புறம் நான் அதை எங்கிருந்து எடுத்தேன் என்று கையால் தேடினான். பட்டையில் ஓட்டை இருந்த இடத்துக்கு நேர் பின்னால் அவன் தொண்டை இருந்தது. பொத்தானைக் கழற்றி உள்ளே விரலை விட்டான். விரலை வெளியே எடுத்துப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. மறுபடி விட்டு, மறுபடி எடுத்துப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர் தரையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். நான் அழுதேன், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். கடைசி அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. தம்பி அந்தப் பக்கம் திரும்பி, தீயைக் குறைக்கச் சொல்ல வாயைத் திறந்தான். ஒரு கை தொண்டையிலேயே இருந்தது. தானே போய் இன்னொரு கையால் குறைத்தான்.